கலெக்டிவ்ஆக்சஸ்: அருங்காட்சியகப் பதிவாளர் வேலையை வீட்டிலிருந்தே பழக ஒரு மென்பொருள்

கலை வரலாறு, தொல்லியல், நுண்கலை என்று ஏதோ ஒன்றைப் படித்து முடித்துவிட்டுக் கலை அருங்காட்சியகத்தில் நிர்வாக வேலை தேடுகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது ஒரே கேள்வியில்தான்: "கலெக்‌ஷன் மேனேஜ்மென்ட் மென்பொருள் எதிலாவது வேலை செய்திருக்கிறீர்களா?" நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் போன்ற பெரிய இடங்கள் தங்கள் சேகரிப்பைப் பதிவு செய்து நிர்வகிக்க டிஎம்எஸ் என்ற மென்பொருளை வைத்திருக்கின்றன. அது நிறுவனங்கள் உரிமம் வாங்கி வைத்துக்கொள்வது, மாணவர் கைக்கு எட்டாது. இந்தியாவில் மத்திய அரசின் அருங்காட்சியகங்களுக்காகப் புனேயின் சி-டாக் என்ற அரசுக் கணினி ஆய்வு மையம் செய்துகொடுத்த மென்பொருள் ஜதன். அதையும் உள்ளே வேலைக்குப் போன பிறகுதான் தொட முடியும். வேலை கிடைத்தால் மென்பொருள், மென்பொருள் தெரிந்தால் வேலை. இந்த முடிச்சை அவிழ்க்க இப்போதைக்கு நல்ல வழி கலெக்டிவ்ஆக்சஸ். இலவசம், திறந்த மூல மென்பொருள், ஜிபிஎல் உரிமம். நியூயார்க்கின் வேர்லிகிக் என்ற சிறு நிறுவனம் உருவாக்கிப் பராமரிக்கிறது. உலகெங்கும் நிஜமான அருங்காட்சியகங்களும் ஆவணக் காப்பகங்களும் அன்றாடம் இதில்தான் வேலை பார்க்கின்றன, இது பயிற்சிக்கென்று செய்த பொம்மை இல்லை.

இது சுலபமான மென்பொருள் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நிறுவுவதற்கே ஒரு வார இறுதி போய்விடும். ஆனால் அந்தச் சிரமத்தில் பாதி, பதிவாளர் வேலையின் சிரமமேதான். ஒரு பொருள் எப்படி உள்ளே வந்தது, யார் கொடுத்தார், இப்போது எந்த அலமாரியில் இருக்கிறது, யாருக்கு இரவல் போயிருக்கிறது, எப்போது திரும்ப வரும்? ஒரு சிற்பத்தைப் பற்றிக் காப்பாட்சியர் கட்டுரை எழுதுவார். அந்தச் சிற்பம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் பதிவாளர். இங்கிலாந்தின் கலெக்‌ஷன்ஸ் டிரஸ்ட் வெளியிடும் ஸ்பெக்ட்ரம் என்ற நடைமுறைத் தரத்தில் 21 நடைமுறைகள் உண்டு. அவற்றில் 9 முதன்மையானவை: பொருள் உள்ளே வருதல், கையகப்படுத்திப் பதிவேட்டில் சேர்த்தல், இருப்பிடமும் இடமாற்றமும், இருப்புச் சரிபார்ப்பு, விவரப் பதிவு, வெளியே போதல், இரவல் வாங்குதல், இரவல் கொடுத்தல், ஆவணப்படுத்தலைத் திட்டமிடுதல். கலெக்டிவ்ஆக்சஸைத் திறந்ததும் மெனுவில் பொருள், தொகுதி, நபரும் நிறுவனமும், இடம், சேமிப்பிடம், இரவல், இடமாற்றம் என்று தனித்தனியாக நிற்பதைப் பார்த்தால், இந்த 9-இல் பெரும்பாலானவை கண்ணுக்கு முன்னே வந்துவிடும்.

மென்பொருள் இரண்டு துண்டு. பின்னால் பதிவேடு எழுதும் பகுதிக்குப் பெயர் பிராவிடன்ஸ், பொதுமக்கள் பார்க்கும் இணையப் பகுதிக்குப் பெயர் பாடக்கெட். இரண்டுமே அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநில ஊர்ப்பெயர்கள். வேலை பழகுகிறவருக்குப் பிராவிடன்ஸ் மட்டும் போதும். அழகான இணையப் பக்கம் வேண்டும் என்று பாடக்கெட்டை முதலில் நிறுவி, அதன் வார்ப்புருக்களைத் திருத்துவதிலேயே ஒரு மாதத்தைத் தொலைக்கிறவர்கள் உண்டு. அது வலை வடிவமைப்பாளர் வேலை. நீங்கள் விண்ணப்பிக்கப் போவது அதற்கில்லை.

நிறுவுதல். பிஎச்பி என்ற நிரல்மொழி, மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளம், அப்பாச்சி என்ற வலைச் சேவையகம் மூன்றும் வேண்டும். விண்டோஸ் லேப்டாப்பில் எக்ஸாம்ப் போட்டால் மூன்றும் சேர்ந்தே வந்துவிடும். 8 ஜிபி ரேம் உள்ள சாதாரண லேப்டாப் போதும். முதல் தடங்கல் பிஎச்பி பதிப்பில் வரும். கலெக்டிவ்ஆக்சஸின் பழைய 1.7 பதிப்பை இன்றைய பிஎச்பி 8-இல் போட்டால் வெள்ளைத் திரைதான் மிஞ்சும், ஆகவே 2.0 வரிசையை எடுங்கள். இரண்டாவது தடங்கல், எக்ஸாம்பின் பிஎச்பி அமைப்புக் கோப்பில் ஜிடி, இன்ட்எல், ஜிப் ஆகிய நீட்சிகளுக்கு முன்னால் அரைப்புள்ளி போட்டு முடக்கியிருப்பது. அரைப்புள்ளியை எடுத்துவிட்டு அப்பாச்சியை நிறுத்தி மறுபடி ஓட்ட வேண்டும். கோப்பைத் திருத்திவிட்டு அப்பாச்சியை மறுபடி ஓட்ட மறப்பதுதான் அடிக்கடி நடக்கிறது.

அடுத்து, தரவுத்தளத்தைக் காலியாக உருவாக்கிக்கொண்டு, மென்பொருளோடு வரும் மாதிரி அமைப்புக் கோப்பைப் படியெடுத்து அதில் தரவுத்தளப் பெயர், பயனர், கடவுச்சொல், நிர்வாகி மின்னஞ்சல் நான்கையும் நிரப்ப வேண்டும். மீடியா என்ற அடைவிலும் ஆப் அடைவுக்குள் இருக்கும் டெம்ப் அடைவிலும் எழுத அனுமதி இருக்க வேண்டும். லினக்ஸில் நிறுவுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பதிவெல்லாம் சேமிக்கும், படம் மட்டும் ஏறாது.

படம் ஏறாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிஎச்பியில் ஒரு கோப்பின் ஏற்ற வரம்பு இயல்பாக 2 எம்பி, ஒரு படிவம் மொத்தமாக அனுப்பும் வரம்பு 8 எம்பி. சிற்பத்தை ஒழுங்காகப் படமெடுத்தால் ஒரு டிஃப் கோப்பே 50 எம்பியைத் தாண்டும். எக்ஸாம்ப் இதைக் கொஞ்சம் உயர்த்தித்தான் வைத்திருக்கும், அதுவும் போதாது. இரண்டையும் 200 எம்பிக்கு உயர்த்துங்கள், நினைவக வரம்பை 512 எம்பி ஆக்குங்கள். ஒவ்வொரு படத்துக்கும் சிறிது, நடுத்தரம், பெரிது, பெரிதாக்கிப் பார்க்கும் சில்லுப்படம் என்று பல படிகளை மென்பொருள் தானே எடுத்து வைத்துக்கொள்ளும். வன்தட்டில் அதற்கும் இடம் விடுங்கள்.

நிறுவும்போது வருகிற திரையில் ஒரு கேள்விக்கு மட்டும் அவசரப்படக் கூடாது. "எந்த நிறுவல் விவரக்குறிப்பு?" என்று கேட்கும். எந்தெந்தப் புலங்கள், எந்தெந்தத் திரைகள், எந்த வகையான உறவுகள் என்பதையெல்லாம் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பு அது. டப்ளின் கோர், ஆவணக் காப்பகங்களுக்கான டாக்ஸ், ஒலி ஒளிப் பதிவுகளுக்கான பிபிகோர் எனப் பல இருக்கும். பெயர் பழக்கமாக இருக்கிறதே என்று டப்ளின் கோரை எடுப்பது தவறு. அது நூலகத் தரவுப் பரிமாற்றத்துக்குப் பொருந்தும், சிற்பத்தின் உயரத்தையும் பீடத்தின் விட்டத்தையும் பிரித்து வைக்க அதில் வசதி போதாது. இயல்பான விவரக்குறிப்பையே எடுத்து அதில் புலங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். 500 பதிவு போட்ட பிறகு இதை மாற்ற நினைத்தால், கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திரும்ப நிறுவுவதற்குச் சமம்.

இனி முதல் பதிவு. பழகுவதற்குப் பொருள் வேண்டுமே? நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் (சுருக்கமாக மெட்) 2017-இல் தன் சேகரிப்பின் விவரங்களை, யாரும் தடையில்லாமல் பயன்படுத்தலாம் என்ற சிசி0 உரிமத்தில் பொதுவில் விட்டுவிட்டது. 4 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் சிஎஸ்வி என்ற அட்டவணை வடிவில் ஒரே கோப்பில் இருக்கின்றன. அதில் நம் ஊர்ப் பொருளையே எடுப்போம்: சோழர் காலத்து நடராசர், எண் 1987.80.1.

இந்த எண்ணை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 1987-இல் வந்தது. அந்த ஆண்டின் வரவுகளில் 80 என்று எண்ணிட்ட தொகுதி. அந்தத் தொகுதியில் முதல் பொருள். பதிவாளர்கள் அன்றாடம் புழங்கும் மூன்றடுக்கு எண் இதுதான். கலெக்டிவ்ஆக்சஸில் "தொகுதி" தனிப் பதிவு, "பொருள்" தனிப் பதிவு. 1987.80 என்ற தொகுதியை முதலில் உருவாக்கி, கொடுத்தவர் யார், நன்கொடையா விலைக்கா, எந்தக் கடிதத்தின் பேரில் என்பதை அதில் எழுதி, பொருளை அதனுடன் இணைக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் தொகுதியை விட்டுவிட்டு நேராகப் பொருளுக்குப் போய்விடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஒரே நன்கொடையாளர் 12 ஓவியம் கொடுத்தபோது அவருடைய கடிதத்தை 12 இடத்தில் ஏற்ற வேண்டி வரும். ஒரு இடத்தில் திருத்தினால் மற்ற 11 பழையபடியே நிற்கும். எண்ணின் அமைப்பை மென்பொருளே கட்டுப்படுத்த ஒரு அமைப்புக் கோப்பு இருக்கிறது. ஆண்டு தானாக வரும்படியும், அடுத்த வரிசை எண் தானாகக் கூடும்படியும் அதில் எழுதிவிடலாம். இதைச் செய்யாமல் கையால் அடித்தால் 1987.80.1, 1987-80-1, 1987/80/1 என்று மூன்று விதம் வந்து சேரும். தேடும்போது மூன்றும் மூன்று பொருள்.

அளவு: உயரம் 68.3 செ.மீ., விட்டம் 56.5 செ.மீ. மெட் கோப்பில் இது ஒரே வரியாக, அங்குலமும் சென்டிமீட்டரும் கலந்து கிடக்கும். கலெக்டிவ்ஆக்சஸின் அளவுப் புலம் வெறும் 68.3 என்று அடித்தால் ஏற்காது, அலகைச் சேர்த்தே கேட்கும். முதலில் எரிச்சலாக இருக்கும், ஆனால் அது நல்லதற்குத்தான். பெட்டி செய்யும் தச்சருக்கு 68.3 அங்குலம் என்று போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். திருவாசியோடு சேர்த்தா தனியாகவா, பீடம் சேர்ந்ததா என்பதற்கு இன்னொரு சிறு புலம் போட்டுக்கொள்வது அவசியம். சோழர் செப்புத் திருமேனிகளை அளப்பதில் குழப்பம் வருவது இங்கேதான்.

மூலப்பொருள் புலத்தில் நம் கை தானாக "ஐம்பொன்" என்று எழுதப் போகும். பரிசோதனை செய்யாத பொருளுக்கு அப்படி எழுதக் கூடாது. மெட் எழுதியிருப்பது செப்புக் கலவை என்றுதான். உலோகப் பகுப்பாய்வு செய்து விகிதம் தெரிந்தால் ஒழிய அதற்கு மேல் சொல்லக் கூடாது என்பது ஒழுக்கம். இந்தப் புலத்தை வெறும் உரைப்புலமாக வைக்காமல் அமெரிக்காவின் கெட்டி நிறுவனம் கலைச் சொற்களைத் தொகுத்து வைத்திருக்கும் ஏஏடி சொற்களஞ்சியத்தோடு இணைக்கலாம். 2014-இல் அது மற்ற மென்பொருள்களும் இணையம் வழியாக எடுத்துப் பயன்படுத்தும்படி இணைப்புத் தரவாகத் திறந்துவிடப்பட்டது. தேடும் சொல்லை அடித்தால் கலெக்டிவ்ஆக்சஸ் நேரடியாக அங்கே போய்ப் பட்டியலைக் கொண்டுவரும். மெழுகு உருக்கி வார்க்கும் முறைக்கும் அதில் தனிச் சொல் இருக்கிறது. இணைய இணைப்பு இல்லாத அறையில் இது வேலை செய்யாது, சேமிப்பறைகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான். ஆகவே அடிக்கடி வரும் 30, 40 சொற்களை உள்ளூர்ப் பட்டியலாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

தேதி: கி.பி. 11-ஆம் நூற்றாண்டு. இந்த மென்பொருளில் மிகவும் பாராட்ட வேண்டிய பகுதி இது. ஆங்கிலத்தில் நூற்றாண்டு என்று எழுதினால் அதைத் தொடக்க ஆண்டும் முடிவாண்டும் கொண்ட வரம்பாக மாற்றிப் பின்னணியில் வைத்துக்கொள்ளும். "1050க்கும் 1070க்கும் இடைப்பட்ட பொருள்கள்" என்று தேடினால் இந்த நடராசரும் வருவார். எக்செல்லில் இது நடக்கவே நடக்காது. ஆனால் "பதினோராம் நூற்றாண்டு" என்று தமிழில் அடித்தால் பிழை என்று திருப்பி அனுப்பிவிடும். அதற்கு இரண்டு புலம் வைப்பதே வழி: ஒன்று ஆங்கில வடிவில் தேடலுக்கு, இன்னொன்று தமிழில் காட்சிக்கு.

இருப்பிடத்துக்கு வருவோம். நேர்காணலில் ஒரே ஒரு விஷயத்தைக் காட்ட நேரம் இருந்தால் இதைக் காட்டுங்கள். கலெக்டிவ்ஆக்சஸில் சேமிப்பிடம் என்பது மரக்கிளை போல அடுக்கு: கட்டடம், அறை, அலமாரி, தட்டு, பெட்டி. பொருளை அந்தத் தட்டோடு தேதி போட்டு உறவுபடுத்த வேண்டும். நாளை காட்சிக்கூடத்துக்கு நகர்ந்தால் பழைய உறவை அழிக்காமல் புதிய தேதியோடு புதிய உறவைச் சேர்க்க வேண்டும். வரலாற்றுக் கண்காணிப்பை அமைப்புக் கோப்பில் இயக்கிவிட்டால், கடைசித் தேதியில் உள்ளதை மென்பொருளே "தற்போதைய இடம்" என்று காட்டும். அதற்கு முந்தியவை வரிசையாகக் கீழே நிற்கும். பலர் செய்வது என்ன? "அலமாரி 4, தட்டு 2" என்று உரைப்புலத்தில் எழுதிவிட்டு, நகரும்போது அதன் மேலேயே மாற்றி எழுதுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பொருளைக் காணவில்லை என்றால், கடைசியாக எங்கே இருந்தது என்பதற்கு ஒரு தடயமும் இருக்காது.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசர் ஆஸ்திரேலியத் தேசிய கலைக்கூடம் வரை போய் 2014-இல் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். அது அந்தக் கோயிலின் திருமேனிதான் என்று அடையாளம் காட்ட உதவியது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படத் தொகுப்பு. யாரோ ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன்பு ஒழுங்காகப் படம் எடுத்து, எந்த ஊர், எந்தக் கோயில் என்று எழுதி வைத்ததன் பலன் அது. ஆகவே உங்கள் பயிற்சிப் பதிவிலும் ஆப்ஜெக்ட் ஐடி என்ற உலகத் தரம் கேட்கும் விவரங்கள் அனைத்தும் இருக்கட்டும்: படம், வகை, அளவு, மூலப்பொருள், எழுத்தும் குறியும், தனி அடையாளங்கள், பெயர், பொருண்மை, காலம், செய்தவர். இவற்றில் புதியவர்கள் காலியாக விடுவது தனி அடையாளங்களைத்தான். இடது கால் சலங்கையில் ஒரு வெட்டு, பீடத்தின் பின்புறம் ஒரு ஒட்டு, திருவாசியில் உடைந்த சுடர் எத்தனை. ஒரே அச்சில் வார்த்தது போலத் தெரியும் இரண்டு திருமேனிகளைப் பிரித்துச் சொல்ல இவைதான் உதவும்.

கையால் 25 பொருள் போட்டுப் பழகிய பிறகு மொத்தமாக ஏற்றிப் பாருங்கள். நிஜ வேலையில் யாரும் உங்களிடம் வெற்றுத் தரவுத்தளத்தைக் கொடுக்கப் போவதில்லை, 20 வருட எக்செல் கோப்பைத்தான் கொடுப்பார்கள். மெட்டின் சிஎஸ்வியை எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறக்க வேண்டாம். யுனிகோடு எழுத்துகள் உடைந்து குப்பையாகும். அதைவிட மோசமான ஒன்றும் நடக்கும்: ஒரு பொருளின் எண் 64.10 என்று இருந்தால், எக்செல் அதைப் பதின்மம் என்று எண்ணிக் கடைசிச் சுழியத்தை வெட்டி 64.1 ஆக்கிவிடும். ஏற்கெனவே 64.1 என்று வேறொரு பொருள் இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும், யாருக்கும் தெரியாது. டேட்டா மெனு வழியாக உள்ளே கொண்டுவந்து, குறிமுறை யுடிஎஃப்-8 என்றும், எண் நெடுவரிசையின் வகை "உரை" என்றும் முதலிலேயே கொடுத்துவிடுங்கள். ஆசியக் கலைத் துறையை மட்டும் வடிகட்டி, 200 வரியை வெட்டியெடுத்துக்கொண்டால் பழகப் போதும்.

ஏற்றுவதற்கு இன்னொரு எக்செல் தாள் எழுத வேண்டும். எந்த நெடுவரிசை எந்தப் புலத்துக்குப் போகிறது என்பதை வரிவரியாகச் சொல்லும் வரைபடத் தாள் அது. நெடுவரிசைக்குப் பெயரைக் கொடுக்கக் கூடாது, 1, 2, 3 என்ற எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு நெடுவரிசையைச் செருகினால் அதற்குப் பின்னால் எல்லாமே ஒன்று தள்ளிப் போய், கலைஞர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஊர்ப்பெயர் வந்து உட்காரும். கூடுதல் விருப்பங்கள் ஜேசன் என்ற உரை வடிவில், நேர் மேற்கோள் குறிகளோடு எழுதப்படுகின்றன. வேர்டில் எழுதி இங்கே ஒட்டினால் வேர்ட் நேர் மேற்கோள் குறியைத் தானே வளைந்த குறியாக மாற்றியிருக்கும், ஜேசன் உடைந்துவிடும், பிழைச் செய்தியும் தெளிவாகச் சொல்லாது. வேர்டில் அந்த அம்சத்தை அணைத்துவிடுங்கள், அல்லது நேராகத் தாளிலேயே எழுதுங்கள். கலைஞர் பெயர், நன்கொடையாளர் பெயர் போன்றவற்றைத் தனி நபர்ப் பதிவாகப் பிரித்து உருவாக்கும் வசதி இந்தத் தாளிலேயே இருக்கிறது, மிகவும் வலுவானது. ஆனால் "ஏற்கெனவே அதே எண்ணில் பதிவு இருந்தால் என்ன செய்வது" என்ற அமைப்பை மறந்தால், ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் 200 பதிவு புதிதாக முளைக்கும். மூன்று முறை சோதித்தால் 600. எண் ஒன்றாக இருந்தால் தவிர்க்கச் சொல்லும் அமைப்பைப் போட்டுவிட்டே முதல் ஓட்டத்தைத் தொடங்குங்கள்.

தேதிக்கு மெட் கோப்பின் காட்சித் தேதி நெடுவரிசையை எடுக்க வேண்டாம். அதில் "பிற்பகுதி", "இரண்டாம் பாதி" என்று பலவிதமான சொற்றொடர்கள் வரும், சில வரிகள் விழுந்துவிடும். தொடக்க ஆண்டு, முடிவாண்டு என்று தனித்தனி நெடுவரிசைகள் அதே கோப்பில் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்து வரம்பாகக் கொடுத்தால் ஒரு வரியும் விழாது.

தமிழ் எப்படி? பதிவுகளில் தமிழ் எழுதுவதில் தடையில்லை. மொழி ஒன்றை நிர்வாகப் பக்கத்தில் சேர்த்துவிட்டால், ஒரே தலைப்புக்கு ஆங்கிலத்திலும் தமிழிலும் தனித்தனி மதிப்பு கொடுக்கலாம், புலப் பெயர்களையும் தமிழாக்கலாம். மெனுவும் பிழைச் செய்தியும் ஆங்கிலத்தில்தான். தேடலில் நடராசர் என்றால் நடராஜர் வராது, கூத்தபிரான் நிச்சயம் வராது. இதற்காகவே "மாற்றுப் பெயர்கள்" என்ற புலம் இருக்கிறது, அதைத் தாராளமாக நிரப்புங்கள். பழைய பதிவேடுகள் பாமினி, வானவில் போன்ற யுனிகோடு அல்லாத எழுத்துருக்களில் அடித்திருந்தால் முதலில் யுனிகோடுக்கு மாற்றியே ஏற்ற வேண்டும். மாற்றிகள் சில நேரம் "கொ" என்பதைக் கொம்பும் காலும் தனித்தனியாக வைத்து உருவாக்கும். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு, தேடல் தவறிவிடும். ஏற்றுவதற்கு முன் இவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவாருங்கள்.

தமிழுக்கு நிஜமான இடி பிடிஎஃப் அச்சில்தான் விழுகிறது. பதிவையோ காட்சி அட்டையையோ பிடிஎஃப் ஆக எடுத்தால், கூடவே வரும் டாம்பிடிஎஃப் என்ற கருவி தமிழ் எழுத்துகளை வடிவமைக்கத் தெரியாமல் கொம்புகளை எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிடும். கோயில் என்பதே படிக்க முடியாமல் போகும். எழுத்துருவை மாற்றினாலும் தீராது, ஏனென்றால் குறை எழுத்துருவில் இல்லை, கருவியில் இருக்கிறது. டபிள்யுகே எச்டிஎம்எல் டு பிடிஎஃப் என்ற வேறு கருவியை நிறுவி, அதன் பாதையை அமைப்பில் கொடுத்து, கணினியில் ஒரு நல்ல தமிழ் யுனிகோடு எழுத்துரு இருப்பதையும் உறுதிசெய்தால் ஒழுங்காக வரும்.

இரவல் பகுதி நிறைவானது: கொடுப்பவர், வாங்குபவர், நோக்கம், தொடக்கமும் முடிவும், காப்பீட்டு மதிப்பு எல்லாம் வைக்கலாம். ஆனால் இந்தியச் சட்டத்துக்கு வேண்டியதை நாமே சேர்க்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி 100 ஆண்டுக்குக் குறையாத பொருள் தொல்பொருள், கையெழுத்துப் பிரதி போன்றவற்றுக்கு 75 ஆண்டு. ரவி வர்மா, அமிர்தா ஷெர்கில் போன்ற சில ஓவியர்களின் படைப்புகள் வயது எதுவானாலும் கலைச் செல்வம் என்று அறிவிக்கப்பட்டு வெளிநாட்டு விற்பனைக்குப் போக முடியாதவை. ஆகவே தொல்பொருள் பதிவுச் சான்றிதழ் எண், சான்றிதழ் தேதி, கலைச் செல்வமா என்ற ஆம்/இல்லை, தற்காலிக ஏற்றுமதி அனுமதி எண் என்று நான்கு புலங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். மெனுவில் அதற்கு அரை மணி நேரம் ஆகும். இந்தியாவில் வேலை கேட்டுப் போகிறவர் தன் பயிற்சித் தரவுத்தளத்தில் இதை வைத்திருந்தால், விஷயம் தெரிந்தவர் என்று எதிரே இருப்பவருக்கு உடனே விளங்கும். நிலை அறிக்கைக்கு மட்டும் இயல்பு அமைப்பில் போதிய இடமில்லை. விரிசல், பச்சைக் களிம்பு, பழைய ஒட்டு, யார் பார்த்தது, எந்தத் தேதி என்று ஒரு தொகுப்புப் புலம் செய்து, ஒரே பொருளுக்குப் பலமுறை சேர்க்கும்படி வைக்க வேண்டும். இரவல் போகும்போது ஒன்று, திரும்பி வரும்போது ஒன்று, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் வழியில் என்ன ஆனது என்று பேசவே முடியும்.

குறை என்று பார்த்தால் முதலில் வருவது உதவிக் குறிப்புகள். நிறைய இருக்கின்றன, ஆனால் பதிப்புக்குப் பதிப்பு கலந்து கிடக்கின்றன. 1.7-க்கு எழுதியதை 2.0-இல் செய்து பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்வது சகஜம். எந்தப் பக்கத்தைப் படித்தாலும் எந்தப் பதிப்புக்கு என்று முதலில் பாருங்கள். தேடல் சரியாக வரவில்லை என்றால் பாதி நேரம், தேடலுக்காக மென்பொருள் வைத்திருக்கும் சொற்பட்டியலான சுட்டெண் பழையதாகிப் போனதுதான் காரணம். கட்டளை வரியில் தேடல் சுட்டெண்ணை மறுபடி கட்டச் சொல்ல வேண்டும். திரைகள் நெரிசலானவை, ஒரு பொருளுக்கு ஆறு தாவல் என்று ஆகிவிடும். பயன்படுத்தாத புலங்களை முதல் நாளே திரையிலிருந்து அகற்றிவிடுவது நல்லது.

இதற்குப் பதில் ஒமேகா போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒமேகா இணையக் கண்காட்சிக்கு அருமையானது, ஒரு மணி நேரத்தில் நிறுவிவிடலாம். ஆனால் அதில் சேமிப்பிடமும் இல்லை, இரவலும் இல்லை. கல்விப் பிரிவுக்கோ வெளியீட்டுப் பிரிவுக்கோ போக நினைப்பவர் ஒமேகாவைப் பழகலாம். பதிவாளர், சேகரிப்பு உதவியாளர், ஆவணப்படுத்தல் உதவியாளர் என்ற பக்கம் போகிறவருக்கு அது உதவாது. பரோடாவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் அருங்காட்சியகவியல் முதுகலை சேர எண்ணுகிறவர்கள், சேருவதற்கு முன்பே இதை ஒரு கோடை விடுமுறையில் ஓட்டிப் பார்த்துவிட்டால் வகுப்பில் வரும் சொற்கள் எதுவும் அந்நியமாக இருக்காது.

பேக்கப் எடுக்கும்போது தரவுத்தளத்தை மட்டும் எடுத்தால் போதாது. தரவுத்தள ஏற்றுமதிக் கோப்பு, மீடியா அடைவு, அமைப்புக் கோப்புகள் மூன்றும் ஒரே நாளில் ஒன்றாக வெளி வன்தட்டுக்குப் போக வேண்டும். தரவுத்தளம் மட்டும் மிஞ்சினால் பதிவெல்லாம் இருக்கும், படம் இருக்கிற இடத்தில் வெற்றுச் சதுரம் இருக்கும். மீடியா மட்டும் மிஞ்சினால் கோப்புப் பெயர்கள் எல்லாம் எண்களாக இருக்கும், எது எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்க முடியாது. மாதம் ஒருமுறை அந்தப் பேக்கப்பை வேறொரு லேப்டாப்பில் திரும்ப ஏற்றித் திறக்கிறதா என்று பாருங்கள்.

நேர்காணலுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் இணைப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆறு தாள் அச்சிட்டு எடுத்துப் போங்கள்: ஒரு பொருளின் முழுப் பதிவு, அதன் இருப்பிட வரலாறு, ஒரு தொகுதிப் பதிவு, ஒரு இரவல் பதிவு, போனபோதும் வந்தபோதும் எடுத்த இரண்டு நிலை அறிக்கைகள் ஒரே தாளில், நீங்கள் எழுதிய வரைபடத் தாளின் ஒரு பக்கம். நடராசர் பதிவில் காப்பீட்டு மதிப்பும் கொடுத்தவர் முகவரியும் அச்சாகாமல் மறைத்திருக்கிறீர்களா என்று கிளம்புமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.